பார்சல் வராது, கஸ்டம்ஸ் போன் மட்டும் வரும்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது வெளிநாட்டு விமானங்களும் நின்றுபோயின. காதல் பேசிப் பணம் பறிக்கும் கும்பல்களுக்கு இதைவிட வசதியான காலம் வாய்க்கவில்லை. அதுவரை “எப்போ நேர்ல வருவீங்க?” என்று கேட்டால் ஏதாவது பொய்யைத் தேட வேண்டியிருந்தது. பிறகு “ஃபிளைட்டே இல்லையே” என்றால் போதும், அது உண்மையும்கூட. அமெரிக்காவில் மட்டும் அந்த ஆண்டு இப்படிப் பறிபோனதாகப் புகாரான தொகை 30 கோடி டாலருக்கு மேல் என்கிறது அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம். முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம்.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவது அநியாயம். துணையை இழந்தவர், மணமுறிவுக்குப் பின் மேட்ரிமோனியில் பதிந்தவர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியாக வாழ்பவர் ஆகியோரிடம்தான் இந்த வலை அதிகம் விரிக்கப்படுகிறது. பேச வருபவர் தன்னை லண்டன் டாக்டர் அல்லது எண்ணெய்க் கப்பல் இன்ஜினியர் என்பார்: மனைவி இறந்துவிட்டார், ஒரு மகள். பேச்சு தொடங்கியதுமே வாட்ஸ்அப்புக்கு வரச்சொல்வார், ஏனென்றால் தளத்தில் யாராவது புகார் செய்தால் கணக்கு போய்விடும். வாரக்கணக்கில் பணப் பேச்சே இருக்காது. “மாத்திரை போட்டீங்களா?” என்று தினமும் விசாரிப்பார். வீட்டில் யாரும் அப்படிக் கேட்டுப் பல மாதம் ஆகியிருக்கும்.

பிறகு ஒரு பார்சலின் போட்டோ வரும்: ஐபோன், கைக்கடிகாரம், நகைப்பெட்டி. இரண்டு நாள் கழித்து “டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ்” என்று ஒரு பெண் பேசுவார். வரி 35,000 ரூபாய். கட்டியதும், ஸ்கேன் செய்ததில் உள்ளே பவுண்ட் நோட்டுகள் இருப்பதாகவும், சான்றிதழ் வாங்காவிட்டால் வழக்கு என்றும் மிரட்டல். அடுத்து ஒன்றரை லட்சம். இந்தக் கட்டத்தில் பரிசு யாருக்கும் முக்கியமாக இருப்பதில்லை. கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்றுதான் மேலும் கட்டுகிறார்கள்.

சுங்கத்துறை போனில் அழைத்துத் தனிநபர் கணக்கில் வரி கட்டச் சொல்லாது. அது அனுப்பும் கடிதத்தில் ‘டின்’ என்ற ஆவண அடையாள எண் இருக்கும். மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

புரொஃபைல் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், பல சமயம் வேறு யாருடைய முகமோ அகப்படும். ஒன்றும் கிடைக்காததால் ஆள் நிஜம் என்று ஆகிவிடாது. வீடியோ காலையும் இப்போது போலியாக உருவாக்க முடிகிறது. நான் அதிகம் நம்புவது வேறொரு சோதனையை: “நம்ம விஷயம் இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம்” என்று அவர் சொன்னாரா? பணம் கேட்பதற்கு முன்பே தெரியும் அறிகுறி இதுதான். அன்றே தங்கையிடமோ தோழியிடமோ சொல்லிவிடுங்கள். இணையத்தில் பழகியவருக்காக உங்கள் வங்கிக் கணக்கில் யாருடைய பணத்தையும் வாங்கிக் கைமாற்றாதீர்கள். கணக்கு முடங்கும், வழக்கும் உங்கள் பெயரில் வரலாம்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். போன பணம் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியே வேகமாகக் கைமாறும், வெளியே எடுக்கப்படுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்புண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். செல் எண், கணக்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் யுடிஆர் எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு பிளாக் செய்யுங்கள். ஆள்மாறாட்டம் செய்து இணையத்தில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் புகாரே கொடுப்பதில்லை, சிலர் மோசடிக்காரனிடமே ஆறுதல் தேடித் திரும்பவும் போகிறார்கள். பணத்தோடு, நம்பிய ஒரு மனிதரையும் ஏமாந்தவர் இழந்திருக்கிறார். அந்தத் துக்கம் நிஜமானது. காவல் நிலையத்துக்குக் கூடவே போங்கள்.

சில வாரங்களில் இன்னொரு அழைப்பு வரலாம்: “நீங்க இழந்த பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க.” ஏமாந்தவர்களின் எண்களை இந்தக் கும்பல்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்கின்றன. போலீஸ் என்று சொன்னாலும் வக்கீல் என்று சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். அந்த எண்ணையும் ஏற்கெனவே கொடுத்த புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.