நிலத்தடி நீரின் படத்தைத் தொலைவிலிருந்து காணும் முறை

நெய்வேலியைச் சுற்றியுள்ள பஞ்சாயத்துகளில் எக்கூட்டம் கூடினும், கிணற்று நீர் ஏன் இறங்குகிறது என்ற வினா எழாமல் இருப்பதில்லை. இதற்கு விடை காணுமுன் நிலத்தின் அமைப்பை நாம் அறிதல் வேண்டும். பழுப்பு நிலக்கரிப் படிவத்திற்கு அடியில், மிகுந்த அழுத்தத்துடன் நீர் நிறைந்த மணல் அடுக்கு உள்ளது. கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றினால் பாரம் குறைந்து, அடிநீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு எழக்கூடும். அதைத் தடுப்பதற்காக, 1961 ஆகஸ்டில் முதன்முதலாகக் கரி எட்டப்பட்ட காலந்தொட்டு, சுரங்கத்தருகே ஆழ்குழாய்க் கிணறுகளின் வாயிலாக இரவும் பகலும் நீர் இறைக்கப்பட்டு வருகிறது. அந்நீர் அனல் மின் நிலையங்களுக்கும் நகரியத்திற்கும் பயன்படுகிறது. சுரங்க நீர் வாலாஜா ஏரி வழியே பாசனத்திற்கும் செல்கிறது. உழவர்களின் ஆழ்குழாய்க் கிணறுகளோ தனி. மழையின் ஏற்றத்தாழ்வும் உண்டு. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்பது வாதத்தால் தீரக்கூடியதன்று.

இதற்கெனவே கணித மாதிரிகள் உள்ளன. நிலத்தைச் சிறு சிறு பெட்டிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பெட்டியிலும் வரும் நீரையும் போகும் நீரையும் கணக்கிடுவதே இவற்றின் முறை. அமெரிக்க நில ஆய்வுத் துறை உருவாக்கிய ‘மோட்ஃப்ளோ’ என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். எனினும் பெட்டிகள் பெருகப் பெருகச் சாதாரணக் கணினி தாங்காது; பல கணினிகளை ஒன்றாகப் பிணைத்த தொகுதி தேவைப்படும். திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தேசிய மீக்கணினி இயக்கத்தின் கீழ் அமைந்த ‘பரம் பொருள்’ 2022 மே மாதம் 25 ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் ஆற்றல் 838 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 838 லட்சம் கோடி கணக்குகள். இத்தகைய தொகுதியை ‘கிளவுடு’ நிறுவனங்களிடம் மணிக்கணக்கில் வாடகைக்கும் பெறலாம். பஞ்சாயத்து நேரே இதில் இறங்குவது எளிதன்று. பொறியியல் கல்லூரி ஒன்றைத் துணையாகக் கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

கணக்கு முடிந்தபின் தொல்லை தொடங்குகிறது. பத்து லட்சம் பெட்டிகள், பெட்டிக்கு நான்கு அளவுகள், ஒவ்வோர் அளவுக்கும் எட்டு பைட் என்று கொண்டால், ஒரு மாதத்திற்கு மூன்று கோடியே இருபது லட்சம் பைட் ஆகிறது. இருபது ஆண்டுகளின் 240 மாதங்களுக்கு 768 கோடி பைட். நொடிக்கு 10 மெகாபிட் செல்லும் இணைப்பில் இதை இறக்க 1 மணி 42 நிமிடம் பிடிக்கும். இறக்கியபின்னும் அலுவலகக் கணினியில் அது திறவாது போகலாம். மாதிரியைச் சிறிது மாற்றி மீண்டும் ஓட்டினாலோ, மீண்டும் அதே காத்திருப்பு.

தரவை அங்கேயே விட்டுவிட்டு, அதன் படத்தை மட்டும் திரையில் வரவழைப்பதே இதற்கு வழி. படத்தை வரைவது தொலைவிலுள்ள கணினி. நம்மிடம் வருவது சுருக்கப்பட்ட காட்சி மட்டும். நாம் எலியை அசைத்தால் அவ்வசைவு அங்கே சென்று, மாறிய காட்சி திரும்பி வருகிறது.

செய்முறையைக் கூறுவோம். முதலில் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் மறையிட்ட இணைப்பால் தொகுதியின் நுழைவுக் கணினியை அடைய வேண்டும். அங்கேயே படம் வரையத் தொடங்குவது தகாது. அது அனைவருக்கும் பொதுவான வாயில். ‘ஸ்லர்ம்’ போன்ற வரிசை மென்பொருளிடம், படம் வரையும் ஜி.பி.யு. பொருந்திய கணினி ஒன்று, இரண்டு மணி நேரத்திற்கு வேண்டும் என விண்ணப்பித்தல் வேண்டும். நெல் அரவை ஆலையில் முறை வருவதுபோல நமக்கும் முறை வரும். கிடைத்த கணினியில் ‘டர்போ வி.என்.சி.’யைத் தொடங்கினால் அது ஒரு திரை எண் தரும். எண் 1 எனில் வாயில் 5901. எண் 2 எனில் 5902. அவ்வாயிலைப் பொது இணையத்திற்குத் திறந்துவிடலாகாது, எஸ்.எஸ்.எச். சுரங்கவழி மூலமே நம் கணினியுடன் இணைக்க வேண்டும். பின் வி.என்.சி. காட்சி மென்பொருளைத் திறந்து கடவுச்சொல் இட்டால் அங்குள்ள மேசைத்திரை தோன்றும். அதில் ‘பாராவியூ’வை ‘வெர்ச்சுவல் ஜி.எல்.’ துணையுடன் இயக்க வேண்டும். இத்துணையின்றித் தொடங்குவோர் பலர். அப்பொழுது ஜி.பி.யு. சும்மா இருக்க, படம் நத்தைபோல் நகரும். இணைப்பின்மீது வீண்பழி விழும்!

வேலை முடிந்ததும் காட்சிச் சன்னலை மூடினால் போதாது. தொகுதியில் ஓடும் பணியையும் முடிக்க வேண்டும். வாடகைக் கணினியாயின், நிறுத்த மறந்த டீசல் எஞ்சின்போல இரவு முழுதும் செலவு ஏறிக்கொண்டேயிருக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு எனலாம். அச்சிட்டுத் தரப்படும் படம் பிறர் தேர்ந்த கோணத்தில், பிறர் தேர்ந்த மாதத்தில் வரையப்பட்டது. நேரே பார்ப்பவரோ, தம் ஊர் வழியே நிலத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டச் சொல்லலாம். கோடையையும் மழைக்காலத்தையும் ஒப்பிடலாம். சுரங்க இறைப்பைப் பாதியாக்கினால் தம் ஊர் மட்டம் எவ்வளவு ஏறும், பாசன இறைப்பைக் குறைத்தால் எவ்வளவு ஏறும் என்று இரு கணக்குகளையும் அருகருகே வைத்துக் கேட்கலாம். விடை சில சமயம் நமக்கு உவப்பாக இராது. ஆயினும் கேட்கத்தான் வேண்டும்.

வண்ணப் படம் கண்ணைக் கவரும். அதனாலேயே அதை நம்பிவிடலாகாது. மாதிரி காட்டும் மட்டம் அளந்த மட்டத்தோடு பொருந்துகிறதா என்பதே முதற் சோதனை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. ஊரிலும் அவ்வாறே சனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களில் அளந்து பதிவேட்டில் எழுதி வரலாம். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு குறியிட்டு, எப்பொழுதும் அதிலிருந்தே அளக்க வேண்டும். மோட்டாரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்தே கயிறு விட வேண்டும். திறந்த கிணற்றின் அளவையும் ஆழ்குழாய்க் கிணற்றின் அளவையும் ஒரே பத்தியில் எழுதலாகாது. இரண்டும் வெவ்வேறு அடுக்கின் நீராக இருத்தல் கூடும்.