நொதியும் வெப்பமும்

தறியில் பாவு நூல் அறுந்துபோகாதிருக்க நாம் அதற்குக் கஞ்சியிடுகிறோம். நெய்து முடிந்த பின்னர் அக்கஞ்சி முற்றும் நீங்காவிடில் சாயம் ஒரே சீராக ஏறாது. துணியில் திட்டுத்திட்டாக நிற்கும். அத்தகைய துணி விலைபோகாது. அந்த நட்டம் சங்கத்தின் வழியே அங்கத்தினரின் கூலியையே தாக்கும். ஆகவே, கஞ்சி நீக்கும் முறையின் அடிப்படையை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கஞ்சியிலுள்ள மாவுப்பொருளை நீரில் கரையும் பொருள்களாக உடைக்கும் ஆற்றல் அமிலேஸ் என்னும் நொதிக்கு உண்டு. 1833ஆம் ஆண்டில் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர் முளைகட்டிய பார்லியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்து, டயாஸ்டேஸ் எனப் பெயரிட்டனர்.

இந்நொதி ஒரு புரதம். அதன் வேலைத்திறன் முழுவதும் அதன் வடிவத்தைப் பொறுத்தது. மிகுந்த வெப்பத்தில் அவ்வடிவம் குலைகிறது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு ஆறிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாததுபோல, குலைந்த நொதியும் பெரும்பாலும் மீள்வதில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், வெப்பம் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஓர் எல்லைவரை, 10 டிகிரி ஏறுந்தோறும் நொதியின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆயினும் நொதி அழியும் வேகமோ அதனினும் விரைந்து பெருகுகிறது. எனவே, வெப்பம் மிகுந்த தொட்டியில் தொடக்கத்தில் வேலை துரிதமாக நடப்பதுபோல் தோன்றி, பிறகு நின்றுவிடும். மிதமான வெப்பமுள்ள தொட்டியோ நிதானமாகத் தொடங்கினும், தன் வேலையை முடித்துவிடும். வெப்ப அளவோடு கால அளவையும் சேர்த்தே கணக்கிடவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

முளைத் தானியத்து நொதிக்கு 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு ஏற்றது. 70 டிகிரிக்கு மேல் அது விரைவில் செயலிழக்கும். பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் நொதிகளில் பல இதனினும் மிகுந்த வெப்பம் தாங்கும். அவற்றுக்கு உறையில் குறித்துள்ள அளவையே பின்பற்றுக.

பட்டறையில் கைக்கொள்ள வேண்டியவை:

1. நீரைச் சூடாக்கி, வெப்பமானியால் அளந்து, உரிய நிலைக்கு வந்த பின்னரே நொதியைச் சேர்க்க வேண்டும்.

2. தவறிக் கொதித்துவிட்ட தொட்டியை ஆறவைத்தால் மட்டும் போதாது. புதிதாக நொதி சேர்க்க வேண்டும்.

3. துணியின் ஓரத்தை அலசி ஆறவைத்து, நீர்த்த அயோடின் ஒரு துளி இடுக. நீலம் தோன்றினால் கஞ்சி இன்னும் உளது, சாயத்திற்கு அனுப்பலாகாது.

4. நொதிப் பொட்டலங்களை அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தல் கூடாது.

நெல் விளைவிக்கும் அங்கத்தினருக்கு இதே வெப்பம் துணைவனாகிறது. அரைத்த பச்சைத் தவிட்டில் லைபேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைத்துக் காரலெடுக்கச் செய்கிறது. தவிட்டை உடனே நன்கு சூடேற்றினால் அந்நொதி அழிந்து, எண்ணெய் கெடாது நிற்கும். புழுங்கல் நெல்லின் தவிடு நெடுநாள் தாங்குவதற்கும் இதுவே காரணம்.

நொதியைக் காப்பதா, அழிப்பதா என்பதை முதலில் தெளிந்துகொண்டு, பின்னரே அடுப்பை மூட்டுவோமாக.