கழித்தாலும் கூடும்

கண்ணு, இயல்நிலைப் பரவலில் ஒற்றை மாறிக் கணக்குகளைத் தாண்டிவிட்டாய். இனி இரண்டு, மூன்று மாறிகள் சேர்ந்து வரும். இதற்குப் புதிய சூத்திரத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். பிள்ளைகள் எங்கெங்கே வழுக்கினார்கள் என்று கரும்பலகைப் பக்கம் நின்று பார்த்தவன் சொல்கிறேன், கேள்.

1. கேள்வியை முதலில் உன் சொல்லில் எழுது. 'தண்டு துளைக்குள் நுழையாமல் போக என்ன வாய்ப்பு?' என்றால், துளையின் விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்தால் வரும் இடைவெளி பூச்சியத்துக்குக் கீழே போக என்ன வாய்ப்பு என்று பொருள். இரண்டு மாறி ஒன்றாகிவிட்டது, பார்த்தாயா? இந்த ஒரு வரிக்குச் சோம்பிப் பக்கம் பக்கமாக எழுதிய கெட்டிக்காரர்கள் உண்டு.

2. கழிக்கும்போதுதான் குணம் தெரியும். துளையின் சராசரி 20.10 மி.மீ., திட்ட விலக்கம் 0.04. தண்டுக்கு 20.00, 0.03. சராசரிகளைக் கழி: 0.10. திட்ட விலக்கங்களை அப்படியே தொடாதே; வர்க்கமாக்கிக் கூட்டு. 0.0016-உம் 0.0009-உம் சேர்ந்து 0.0025, வர்க்கமூலம் 0.05. துளை தன் போக்கில் ஏறி இறங்குகிறது, தண்டும் தன் போக்கில் ஏறி இறங்குகிறது. கழித்தல் குறி போட்டதால் எந்த ஆட்டமும் அடங்கிவிடாது. பூச்சியம் சராசரிக்கு 2 திட்ட விலக்கம் கீழே நிற்கிறது, நிகழ்தகவு 0.0228, அதாவது ஆயிரம் சோடியில் ஏறக்குறைய 23. அவசரக்காரன் 0.07 என்று கூட்டினால் 75-க்கு மேல் வரும். வர்க்கங்களைக் கழித்தவனுக்கு ஒன்றுகூட வராது. மூன்று விடையும் தாளில் அழகாகத்தான் இருக்கும். லேத் பட்டறைக்காரர் எதை நம்பி இரும்பு வாங்குவார்?

3. நால்வர் வேறு, ஒருவரின் நான்கு மடங்கு வேறு. ஆள் எடையின் சராசரி 65 கிலோ, திட்ட விலக்கம் 10 என்று வை. லிஃப்டில் நால்வர் ஏறினால் பரவற்படி 400, திட்ட விலக்கம் 20. ஒருவரையே நான்கால் பெருக்கினால் 1600, 40. மொத்தம் 300 கிலோவைத் தாண்டும் நிகழ்தகவு முன்னதில் 0.0228, பின்னதில் 0.1587.

4. இதை நடத்தும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "நாலு பேரும் ஒரே வீட்டுக்காரங்களா இருந்தா, ஐயா?" என்றாள். மணி அடித்தும் அன்று வகுப்பு முடியவில்லை. உடல்வாகு ஒரே குடும்பத்தில் சேர்ந்து போகும். அங்கே பரவற்படிகளை வெறுமனே கூட்ட முடியாது. 'சார்பற்றவை' என்று தேர்வுத்தாள் சொல்லிக்கொடுத்துவிடும். பட்டறையில் யாரும் சொல்லமாட்டார்கள். நீதான் கேட்டறிய வேண்டும். அந்தப் பெண்ணைப் போல் கேட்கப் பழகு.

5. கிடைத்ததைச் சாதாரணமாக நினைக்காதே. ஒரு பகடையில் ஆறு முகத்துக்கும் சம வாய்ப்பு. இரண்டைச் சேர்த்து உருட்டினால் 7 முந்திக்கொள்ளும், பழைய வடிவம் போய்விடும். சார்பற்ற இயல்நிலை மாறிகளோ கூட்டினாலும் கழித்தாலும் இயல்நிலையாகவே நிற்கின்றன. இதன் மறுதலையும் உண்மை: கூட்டுத்தொகை இயல்நிலை என்றால், சார்பற்ற உறுப்புகள் ஒவ்வொன்றும் இயல்நிலையே. சுவீடன் நாட்டு ஹரால்ட் கிராமேர் 1936-இல் நிறுவியது அது.

6. அட்டவணையின் தலையில் உள்ள சின்னப் படத்தைப் பார்த்துவிட்டு எண்ணை எடு. 2-க்கு நேரே சில நூல்களில் 0.4772 இருக்கும், சிலவற்றில் 0.9772. வளைவரையைப் போட்டு, வேண்டிய ஓரத்தைப் பென்சிலால் நிழலிடு. தண்டுகளில் ஏறக்குறைய பாதி நுழையாது என்று எழுதிவிட்டு, சந்தேகமே இல்லாமல் அடுத்த கணக்குக்குப் போன விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன்.