ஏ.எம்.எச். குறைவு என்று வந்தால்

ஏ.எம்.எச். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்களுக்கு என்ன வயசு?" என்றுதான். சினைப்பையில் உள்ள சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் சுரக்கும் ஹார்மோன்தான் ஏ.எம்.எச். இன்னும் எவ்வளவு முட்டை இருக்கிறது என்று ஓரளவு காட்டும். முட்டையின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயதுதான்.

34 வயதில் எனக்கு 0.9 வந்தது. முதலில் போன குழந்தையின்மைச் சிகிச்சை மையத்தில் ஸ்கேன்கூட எடுக்காமல் டோனர் முட்டை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வேறொரு டாக்டர்தான் மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேனில் குமிழிகளை எண்ணிப் பார்த்து, "ஊசி போட்டா எத்தனை முட்டை கிடைக்கும், எவ்வளவு டோஸ் வேணும்னு முடிவு பண்ணத்தாம்மா இந்த டெஸ்ட்" என்று புரியவைத்தார். எனக்குக் கிடைத்த முட்டைகள் சொற்பம். அதில் ஒன்றுதான் இன்று என் மகள். என்னைவிட நல்ல ரிப்போர்ட் இருந்த தோழிக்கு 41 வயதில் நிறைய முட்டை கிடைத்தும் கரு தங்கவில்லை. அவள் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்.

2017இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. குழந்தையின்மைப் பிரச்சினை இருந்திராத, 30 முதல் 44 வயது வரையிலான பெண்கள் இயற்கையாகக் கருத்தரிக்க முயன்றதைக் கவனித்தார்கள். ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஐவிஎஃப் வரை போனவர்களின் கதை வேறு. முட்டை குறைந்தால் கருக்களும் குறையும், அடுத்த முயற்சிக்கு உறைய வைக்க மிஞ்சாமல் போகலாம். அதனால் குறைவாக வந்தவர்கள் பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் நானோகிராமில் வரும். வெளிநாட்டில் பல இடங்களில் பிக்கோமோல். என் 0.9 அங்கே சுமார் 6.4 ஆகிவிடும். லண்டனில் இருக்கும் சொந்தக்காரப் பெண்ணின் எண்ணோடு ஒப்பிட்டு நொந்துபோகாதீர்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எண் குறைந்து காட்டலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சினைப்பையில் சாக்லேட் கட்டிக்கு ஆபரேஷன் என்றால், அதற்கு முன்பே ஏ.எம்.எச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஆபரேஷனில் முட்டை இருப்பு குறையக்கூடும்.

சித்தி மகள் போன் செய்து, "அக்கா, எனக்கு 9 வந்திருக்கு, நல்லதுதானே?" என்றாள். அவளுக்கு பிசிஓடி. எண் அவ்வளவு அதிகமாக இருந்தால் ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. டோஸைக் குறைத்துத் தொடங்குவார்களா என்று கேட்கச் சொன்னேன்.

அப்படியே அவள் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை ஆயிற்றா என்றும் கேட்டேன். "அவர் இன்னும் போகலக்கா" என்றாள். இந்த வாரமே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.