ஏலம் உண்டு, கேட்க ஆளில்லை

அலாஸ்காவின் வடகோடியில் ஆர்க்டிக் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. கரிபூ மான்கள் கன்று ஈனும் அதன் கடலோரச் சமவெளியை எண்ணெய்க் குத்தகைக்கு விட, அமெரிக்க நாடாளுமன்றம் 2017 டிசம்பரில் வரிக்குறைப்புச் சட்டத்தோடு சேர்த்தே அனுமதி அளித்தது. பத்தாண்டில் 100 கோடி டாலருக்கு மேல் மத்திய அரசுக்குச் சேரும் என்பது கணக்கு. 2021 ஜனவரியில் நடந்த முதல் ஏலத்தில் விழுந்ததோ சுமார் 1.44 கோடி டாலர்தான்! பெரிய எண்ணெய்க் கம்பெனி எதுவும் கேட்கவில்லை. பெரும்பகுதியை எடுத்தது அலாஸ்கா மாநில அரசின் நிறுவனமே.

நாம் மார்க்கெட்டில் கடை ஏலம் எடுக்குமுன், லாரி வந்து சரக்கிறக்க வழி உண்டா என்றல்லவா பார்ப்போம்? அங்கே சாலை இல்லை, வழக்குகள் உண்டு, பெரிய வங்கிகள் சில கடன் தரமாட்டோம் என்று 2020-லேயே கையை விரித்துவிட்டன. 2025 ஜனவரியில் நடந்த இரண்டாம் ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஆயினும் அதே ஆண்டு ஜூலையில், இன்னும் நான்கு ஏலங்கள் நடத்தச் சட்டம் போட்டார்கள்.