ஃபாண்டன்ட்டுக்குச் சப்பாத்திக் கட்டை போதுமா?

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். இதுவரை க்ரீம் கேக் மட்டும்தான். இப்போது பிறந்தநாள் ஆர்டர்களுக்கு ஃபாண்டன்ட் கேட்கிறார்கள். சப்பாத்திக் கட்டையால் தேய்த்தால் நடுவில் மெலிகிறது, ஓரம் தடித்து நிற்கிறது. கேக் மேல் போடும்போது கிழிந்துவிடுகிறது. மார்பிள் பலகை ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம். மாற்ற வேண்டியது கட்டையை.

நம் வீட்டுச் சப்பாத்திக் கட்டை பெரும்பாலும் நடுவில் பருத்து இருமுனையிலும் ஒடுங்கியிருக்கும். தேய்க்கத் தேய்க்க மாவு தானே சுழன்று வட்டமாவது அந்த வளைவால்தான். சப்பாத்திக்கு அது நல்ல குணம், ஃபாண்டன்ட்டுக்கு அதுவே வினை. நீங்கள் சொல்லும் ‘நடு மெலிவு’ கைக்குற்றமல்ல, கட்டையின் வடிவம் செய்யும் வேலை. மரக்கட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரத்தின் ரேகை ஃபாண்டன்ட்டில் அப்படியே பதியும். எத்தனை முறை கழுவினாலும் கோதுமையும் எண்ணெயும் கலந்த வாசனை லேசாக ஒட்டிக்கொண்டேயிருக்கும். வெனிலா கேக்கில் அது உடனே தெரியும்.

அடுத்தது நீளம். 8 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உள்ள கேக்கை ஒரே விரிப்பில் மூட வேண்டுமென்றால், மேல்பக்கம் 8, இரண்டு பக்கவாட்டுக்கும் நான்கு நான்கு, ஆக 16 அங்குலம். கீழே வெட்டியெடுக்கச் சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டால் 18. உங்கள் கட்டை பத்துப் பன்னிரண்டு அங்குலம்தான் இருக்கும். விரிப்பைவிடக் கட்டை குட்டையாக இருந்தால் அதன் முனை உள்ளே அழுந்திக் கோடு விழும். அந்தக் கோட்டில்தான் பிறகு கிழியும்.

ஆகவே 20 அங்குல நீளமும், முனை முதல் முனை வரை ஒரே பருமனும் கொண்ட, கைப்பிடி இல்லாத உருளையாக வாங்குங்கள். கைப்பிடி வைத்தது பார்க்க வசதியாகத் தோன்றும். ஆனால் கைப்பிடி இல்லாததில் உள்ளங்கையை உருளை மேலேயே வைத்து நகர்த்தலாம். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கைக்கே தெரிந்துவிடும். கேக் சாமான் கடைகளில் கிடைக்கும் வெள்ளை நான்-ஸ்டிக் பிளாஸ்டிக் உருளை போதுமானது. அக்ரிலிக்கும் நல்லதுதான், கீழே போட்டால் விளிம்பு உடையும். மரம்தான் பிடிக்கும் என்றால் நன்கு காய்ந்த மரத்தில் நேராகக் கடைந்ததாகப் பார்த்து வாங்கி, ஃபாண்டன்ட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் ஊறவிடாதீர்கள். எதை வாங்கினாலும் கடையிலேயே கண்ணாடி மேசை மேல் கிடத்தி, குனிந்து பாருங்கள். உருளைக்கும் மேசைக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால் அது வளைந்த உருளை.

தடிமன் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் உள்ளே உள்ள க்ரீமின் மேடுபள்ளம் தெரியும். தடித்தால் தன் பாரத்தாலேயே மேல்விளிம்பில் கிழியும். செலவுக் கணக்கும் இதில் இருக்கிறது. அந்த 18 அங்குல வட்டத்துக்கு 3 மி.மீ.யில் ஏறக்குறைய 700 கிராம் ஃபாண்டன்ட் ஆகும், 4 மி.மீ. என்றால் 900 கிராமைத் தொடும். விற்பனைக்குச் செய்பவருக்கு இந்த 200 கிராம் சின்ன விஷயமில்லை. சில உருளைகளோடு தடிமனுக்கென்று வளையங்கள் தருவார்கள். இல்லாவிட்டால் தச்சரிடம் சொல்லி 3 மி.மீ. கனத்தில் இரண்டு நீளச் சட்டங்கள் இழைத்து வாங்கி, விரிப்பின் இருபுறமும் வைத்து அவற்றின் மேல் உருட்டுங்கள்.

மார்பிளுக்கு வருவோம். அதன் குளிர்ச்சி வெண்ணெய் சேர்த்த மாவுக்கும் சாக்லேட்டுக்கும் உதவும். ஃபாண்டன்ட்டில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. அதற்கு அந்தக் குளிர்ச்சி தேவையில்லை. உங்கள் சமையல் மேடையில் இணைப்புக்கோடு இல்லாமல் இரண்டடிக்கு இரண்டடி கிரானைட் இருக்கிறதா? அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இல்லையென்றால் கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேசை. உயரம் குறைவு, இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: கிரானைட் மேடையில்தான் தேய்க்கிறேன். ஐசிங் சுகர் எவ்வளவு தூவினாலும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கார்ன்ஃப்ளாருக்கு மாறினேன், இப்போது மேலெல்லாம் வெடித்து யானைத் தோல் மாதிரி ஆகிறது. மேடை மாற்ற வேண்டுமா?
– வாசகி, சென்னை

பதில்: மேடை மேல் பழி போடாதீர்கள். ஐசிங் சுகரும் சர்க்கரைதான், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைத் தூவுவது ஒட்டுவதற்கு ஒட்டுப்பசை சேர்ப்பதுதான். கார்ன்ஃப்ளார் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் ஃபாண்டன்ட்டுக்குள் இருக்க வேண்டிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஈரக் காலத்தில் கார்ன்ஃப்ளாரையே பயன்படுத்துங்கள். ஆனால் கையால் அள்ளித் தூவாமல் மெல்லிய மல் துணியில் முடிந்து, மேடை மேல் இரண்டு தட்டு தட்டினால் போதும். வறண்ட நாட்களில் அதுவும் வேண்டாம். வனஸ்பதியை விரல்நுனியில் தொட்டு மேடையில் பூசித் துடைத்துவிடுங்கள். கறுப்பு, அடர்சிவப்பு ஃபாண்டன்ட்டுக்கு எந்தக் காலத்திலும் வனஸ்பதிதான். மாவு வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் போட்டுவிடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டீர்களா? யானைத் தோலுக்குப் பாதிக் காரணம் தலைக்கு மேல் சுற்றும் அதுதான். வேர்த்தாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று உருட்டலுக்கு ஒருமுறை விரிப்பைத் தூக்கிக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். சப்பாத்தி போலப் புரட்டிப் போடக் கூடாது, மாவு ஒட்டிய பக்கம் மேலே வந்துவிடும். ஏ.சி. அறையில் செய்வதாக இருந்தால் அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், கதவைத் திறந்து திறந்து மூடாதீர்கள்.

இன்னொன்று: காலையில் சாம்பாருக்கு நறுக்கிய மேடையிலேயே தேய்க்கிறீர்கள் என்றால், சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காயவிட்டு ஆரம்பியுங்கள். வெள்ளை ஃபாண்டன்ட் மஞ்சள் பொடியை எங்கிருந்தாலும் தேடிப் பிடிக்கும். டர்க்கி டவலால் துடைக்க வேண்டாம், அதன் நூல் உதிரும்.

கேள்வி: நீளமான உருளை விலை அதிகமாக இருக்கிறது. பிளம்பிங் பிவிசி குழாயை வெட்டிப் பயன்படுத்தலாம் என்கிறார் தோழி.
– வாசகி, சேலம்

பதில்: நேராக இருக்கும், வழவழப்பாக இருக்கும், மலிவும்கூட. இருந்தும் வேண்டாம். அது உணவுக்காகச் செய்யப்பட்டதல்ல. பிவிசி குழாய் செய்யும்போது ஈயம் கலந்த சேர்மானங்கள் பயன்படுத்தப்பட்டு வந்தன. அவற்றைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல் தனி விதிகளே கொண்டுவந்தது. கடையில் இருக்கும் குழாய் எப்போது, எப்படிச் செய்யப்பட்டது என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? குழந்தைகள் சாப்பிடப்போகும் கேக் இது.

கேள்வி: வட்டமும் அளவும் அச்சிட்ட சிலிக்கான் ஷீட் நல்லதா?
– வாசகர், கோவை

பதில்: அளவு பார்க்கவும், மேடையில் இணைப்புக்கோடு இருந்தால் அதை மறைக்கவும் நல்லது. ஷீட்டோடு தூக்கி, கேக் மேல் கவிழ்த்து உரித்தெடுக்கலாம் என்பது புதியவர்களுக்குப் பெரிய ஆறுதல். தூசியையும் முடியையும் இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் குறை. ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைத்துச் சுருட்டி வையுங்கள். வழுக்கினால், விரிக்கும் முன் மேடையை ஈரத்துணியால் ஒரு துடை துடையுங்கள். அதன் மேல் கத்தி வைக்காதீர்கள்.

கேள்வி: திருமண ஸ்ட்ரக்சர் கேக் செய்கிறேன். அடித்தட்டு ரெஜிஃபோம் (தெர்மாகோல்) 14 அங்குலம், உயரம் 5. அவ்வளவு பெரிய உருளைக்கு எங்கே போவது?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: ஒரே விரிப்பு என்றால் 26 அங்குலம் வேண்டும். அதைத் தேய்த்தாலும் தனியாளாகத் தூக்க முடியாது. வெட்டிச் சாப்பிடாத தட்டுதானே, மேலுக்கு ஒரு வட்டம், பக்கத்துக்கு ஒரு பட்டை என்று பிரித்துவிடுங்கள். சுற்றளவு 44 அங்குலம். பட்டையின் அகலம் 5 அங்குலம்தான் என்பதால் 9 அங்குலச் சிறிய உருளையே போதும். மேலே போடும் வட்டத்துக்கு 20 அங்குல உருளை. இங்கேதான் மேடை முக்கியமாகிறது: தடங்கல் இல்லாத நான்கடி நீளம் வேண்டும். அது இல்லையென்றால் 22 அங்குலப் பட்டைகள் இரண்டாகச் செய்து, ஒரு பொருத்தைப் பின்பக்கம் வைத்து, மற்றதைப் பூவால் மறையுங்கள். பட்டையைத் தளர்வாகச் சுருட்டி, ஈரம் தடவிய ரெஜிஃபோமைச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே போங்கள்.

அதற்கு முன் ரெஜிஃபோமின் கூர்விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் ஃபாண்டன்ட்டை அது உள்ளிருந்தே வெட்டும். இந்த வேலையை மட்டும் முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துகள் குசினிக்குள் வந்தால் ஃபாண்டன்ட்டிலிருந்து பொறுக்கி முடியாது.