மூன்று குதிரைகளை இழுக்க எந்த டிரக்?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் விளம்பரங்கள் ஒரே ஓர் எண்ணைத்தான் பெரிதாகப் போடும்: இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்று. குதிரை வளர்ப்பவர்கள் அந்த ஓர் எண்ணை நம்பி டிரக் வாங்கவே கூடாது. சமதரையில் எந்த டிரக்கும் இழுத்துவிடும். டிரெய்லரின் முன்பாரத்தைத் தாங்குமா, மலை இறக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்துமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளே வருகிற குதிரைகள் வழி முழுக்க நின்றபடியே வருகின்றன. அவற்றின் எடை உயரத்தில் இருக்கிறது. வளைவில் காலை மாற்றி ஊன்றினால் பாரமும் கூடவே நகரும். வண்டி தடுமாறினால் அவற்றுக்குப் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது.

அதனால் டிரக் கடைக்குப் போகுமுன் டிரெய்லரிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். டெக்சஸ், ஓக்லஹோமா பக்கம் போட்டிகளுக்குப் போகிற குடும்பங்களிடம் பரவலாகக் காணப்படுவது, முன்பகுதியில் தங்கும் அறை வைத்த, மூன்று குதிரைக்கான கூஸ்நெக் (டிரக்கின் பின்தொட்டிக்குள் மாட்டும்) டிரெய்லர். வெறும் வண்டியே 9,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். குவாட்டர் இனக் குதிரை ஒன்று 1,150 பவுண்டு என்றால் மூன்றுக்கு 3,450. உலர்புல் கட்டு ஆறு, 300. சேணம், கயிறு, தீவன வாளி எல்லாம் சேர்த்து 250. தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்டு, 40 காலன் நிரப்பினால் 330க்கு மேல். துணிமணி, சாப்பாட்டுச் சாமான் சேர்ந்தால் 14,000 பவுண்டை எட்டிவிடும். நம் கணக்கில் சுமார் 6,350 கிலோ. பெல்ஜியன், கிளைட்ஸ்டேல் போன்ற கனமான இனங்களில் ஒரே குதிரை 1,800 பவுண்டைத் தாண்டும். அவற்றை வளர்ப்பவர்கள் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் உச்ச எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். சாமான் ஆண்டுக்கு ஆண்டு கூடுமே தவிரக் குறையாது. வாங்கும்போதே அந்த உச்ச எடைக்கு ஏற்ற டிரக்கைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது முன்பாரம். டிரக்கின் பின்பக்க ஹிட்ச்சில் மாட்டும் சாதாரண டிரெய்லர், தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக்கின் மேல் இறக்கும். பத்துக்குக் கீழே போனால் வால் ஆடத் தொடங்கும். அது மிக ஆபத்து. கூஸ்நெக் டிரெய்லர், பின்தொட்டியின் நடுவில் பின்னச்சுக்கு மேல் உள்ள குண்டில் உட்காருவதால் 20 முதல் 25 சதவீதம்வரை இறக்கும். தங்கும் அறை முன்னால் இருந்தால் கூடுதல் பக்கமே நிற்கும். நம் கணக்கில் குறைந்தது 2,800 பவுண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் 600, கருவிப்பெட்டி 100, ஹிட்ச் 150. ஆக 3,650 பவுண்டை டிரக் சுமக்க வேண்டும்.

இப்போது கடைக்குப் போகலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையோரத்தில் பெரும்பாலும் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். அதுதான் அந்த டிரக்கின் பேலோட். நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் பேலோட் எண் அந்த மாடலிலேயே அதிகம் தாங்குகிற வகைக்கு உரியது. சீட்டில் இருப்பது உங்கள் முன்னால் நிற்கிற வண்டிக்கு உரியது. இரண்டுக்கும் ஆயிரம் பவுண்டுவரைகூட வித்தியாசம் வரும்.

பலர் ஏமாறும் இடம் இதுதான். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்றவற்றை முக்கால் டன் வண்டி என்பார்கள். இவற்றில் பலவற்றுக்கு வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. கனமான டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் எல்லாம் சேர்ந்து அந்த வரம்பின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. மிச்சம் சுமார் 2,000 பவுண்டு. அதே வண்டியின் பெட்ரோல் வகைக்கு இதைவிட அதிக பேலோட் கிடைக்கும். எஞ்சினுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் நம் 3,650 பவுண்டை அந்த டீசல் வண்டி ஏற்காது. எஃப்-350, ராம் 3500, சில்வராடோ 3500 ஆகிய ஒரு டன் வண்டிகளுக்குத்தான் போக வேண்டும். பின்னால் ஒற்றைச் சக்கரம் கொண்டவை சுமார் 4,000 பவுண்டு தாங்கும். பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் வைத்த டூயலி 5,000க்கு மேல் தாங்கும். பக்கக் காற்றிலும் நிலையாக நிற்கும். பின்னச்சின் வரம்பு, டயரின் வரம்பு, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்பு ஆகிய மூன்றையும் கூடவே ஒத்துப் பாருங்கள். எந்த வரம்பையும் முழுதாக நிரப்பாமல், இயன்றால் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வையுங்கள்.

இழுவை எண்ணையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஜே2807 என்ற பொது அளவுகோலின்படி சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனை அது. கொதிக்கும் வெயிலில், ஏசி முழுவேகத்தில் ஓட, 11 மைலுக்கு மேல் ஏற வேண்டும். ஆனால் வண்டிக்குள் ஆளுக்கு 150 பவுண்டாக இரண்டே பேர் இருப்பதாகவும், கூஸ்நெக் 15 சதவீத முன்பாரம் இறக்குவதாகவும் அந்தக் கணக்கு வைத்துக்கொள்கிறது. உங்கள் குடும்பத்துக்கும் டிரெய்லருக்கும் அது பொருந்தாது.

கொலராடோ பக்கம் போகிறவர்கள் எஞ்சினைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த உயரத்தில் ஏறத்தாழ 30 சதவீத பலத்தை இழக்கும். டர்போ டீசல் அவ்வளவு தளராது. அதைவிடப் பெரிய உதவி இறக்கத்தில்: டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் வேகத்தைப் பிடித்துவைப்பதால் சக்கர பிரேக் அவ்வளவாகச் சூடேறாது, குதிரைகளும் குலுங்காமல் நிற்கும். சமவெளியிலேயே ஓடுகிறவர்களுக்கு 3.73 அல்லது 4.10 அச்சு விகிதம் கொண்ட பெட்ரோல் எஞ்சின் போதும்; பணமும் மிச்சம்.

டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி தொழிற்சாலையிலேயே பொருத்தியதாக இருக்கட்டும். எட்டடித் தொட்டி இருந்தால் வளைத்துத் திருப்பும்போது கூஸ்நெக்கின் மூக்கு கேபினில் இடிக்கும் அச்சம் குறைவு. மழையில் நனைந்த புல்வெளியில் நிறுத்தி எடுக்க நான்கு சக்கர இயக்கம் உதவும். பழைய டிரக் என்றால் அடிச்சட்டத்தில் துரு, கியர்பாக்ஸ் எண்ணெயில் கருகிய வாடை, டயர் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண் ஆகியவற்றைப் பாருங்கள்.

உரிமத்தையும் மறக்க வேண்டாம். டெக்சஸில் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த வரம்பு 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லரின் வரம்பு 10,000ஐத் தாண்டினால், சொந்த உபயோகத்துக்கும் கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். நம் டூயலியும் டிரெய்லரும் இந்த விதிக்குள் வந்துவிடும். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு. உங்கள் மாநிலத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு, குதிரை, தண்ணீர், குடும்பம் எல்லாம் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை டிரக் நிறுத்தத்தில் உள்ள கேட் (CAT) எடைமேடைக்கு ஒருமுறை போங்கள். முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாக எடைபோட்டுச் சீட்டு தருவார்கள். கணக்கில் தவறு இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

தங்கும் அறை இல்லாத இரண்டு குதிரை டிரெய்லர், ஏற்றிய பின் 7,000 பவுண்டுக்குள் அடங்கினால், முக்கால் டன்னுக்கும் ஒரு படி கீழான, நல்ல பேலோட் உள்ள அரை டன் வண்டியே போதும். மேலே சொன்ன 14,000 பவுண்டுக்கு ஒரு டன் டிரக்கைவிடக் குறைந்த எதையும் வாங்காதீர்கள். மலைப்பாதை உண்டென்றால் டூயலியே வாங்குங்கள். விற்பனையாளர் எவ்வளவு உறுதி சொன்னாலும், கையெழுத்துப் போடுமுன் அந்தக் கதவோரச் சீட்டைப் படம் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து உங்கள் கணக்கோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.